உடன் வருபவருக்குக் கட்டணம் இல்லை

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, அதனால் மூக்கு மட்டும் நலமில்லை. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்பாய், அப்புறம் விமான நிலையத்தில் இறங்கி முழிப்பாய். அப்பாவுக்கோ போனில் "நல்லா இருக்கேன், வச்சிடு" என்பதற்கு மேல் வார்த்தை வராது. எழுதி அனுப்பினால் இரண்டாம் முறை படிக்கலாம்.

விமான டிக்கெட் முடிந்தது. இனி ரயில். நீங்கள் இறங்கும் நகரத்திலிருந்து என் ஊருக்கு அரை நாள் பயணம். இங்கே ரயில் கட்டணம் காய்கறி மாதிரி, காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. முன்பதிவு திறக்கும் அன்றே எடுத்தால் கொள்ளை மலிவு. கடைசி வாரத்தில் எடுத்தால் கண் பிதுங்கும். வார இறுதியைத் தவிர்க்க வேண்டும். முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் எடுக்காமல், நடுவில் ஒரு நிலையம் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று துண்டாக எடுத்தால் அதே ரயில், அதே இருக்கை, விலை மட்டும் குறையும். மலிவு டிக்கெட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்த ரயிலுக்கு எடுத்தோமோ அதில்தான் ஏற வேண்டும், தவறவிட்டால் அது வெறும் தாள். அதனால் விமானம் தாமதமானாலும் சமாளிக்கிற மாதிரி இடைவெளி விட்டுப் போடுவேன்.

விடுதி வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வீட்டு மனிதர்கள் வரும்போது விட்டுவிடுவேனா? அவருடைய மூத்த மகளைவிட மலிவாக யாரும் அவரைக் கூட்டிவர முடியாது என்று அப்பாவிடம் சொல்.

உங்கள் இருவரையும் எதிர்பார்த்து,
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். தோள்வலி தேவலை. லேபில்தான் கூட்டம் தாங்கவில்லை. கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு ஒரு வரிசை நிற்கிறது. ரத்தம் எடுத்து எடுத்து, யாரைப் பார்த்தாலும் எனக்கு முகம் தெரிவதில்லை, முழங்கை நரம்புதான் தெரிகிறது. உன் மூக்குக்கு ஆவி பிடித்தாயா?

உன் கடிதத்தை அப்பாதான் உரக்கப் படித்தார். துண்டு டிக்கெட் இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது சட்டப்படி செல்லுமா?"

"செல்லும்பா. ரயில்வேக்காரங்களே விடறாங்க."

"அப்ப சரி. விதிக்குள்ள எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேணா பண்ணலாம். நம்ம வீட்டு கவுண்ட்டர் லேசுப்பட்டவ இல்ல."

உனக்கு "கவுண்ட்டர்" என்று பெயரே வைத்துவிட்டார். தெருவில் எல்லோரிடமும் உன் புகழ்தான். நேற்று அத்தை வந்திருந்தாள். வளர்ந்த பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த தன்னை, டிக்கெட் செக்கிங்குக்கு ஏறிய கூடப்பிறந்த அண்ணனே எல்லோர் முன்னாலும் அபராதம் கட்ட வைத்த கதையை மறுபடி ஆரம்பித்தாள். "அண்ணனாம் அண்ணன்! என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கலையே!" என்றாள். அப்பா, "டியூட்டில எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அத்தை சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை, உனக்குத்தான் தெரியுமே.

அப்பா புது ஷூ வாங்கியிருக்கிறார். வெளிநாட்டில் செருப்போடு நடந்தால் மதிக்க மாட்டார்களாம். வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகுகிறார். "இன்ஸ்பெக்டர் திரும்ப டியூட்டில சேந்துட்டாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

டிக்கெட் கிடைத்ததும் எழுது. அப்பா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
குட்டி


ஏப்ரல் 9

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விடுதியில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள், அவர்கள் வேலையும் என் தலையில்.

டிக்கெட் போக வர எடுத்துவிட்டேன். உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், அச்செடுத்துக்கொள். இந்த நாட்டு மொழியில் இருக்கிறது, படிக்க மெனக்கெட வேண்டாம், காட்டினால் போதும். வயதானவரோடு வருபவருக்கு ஒரு சலுகை இருந்தது, அதில் போட்டேன். அப்பாவிடம் இந்த விவரமெல்லாம் வேண்டாம். அவர் விதிப்புத்தகம் கேட்பார். மலிவாகக் கிடைத்தது என்று மட்டும் சொல்.

மற்றவை நேரில்.
அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நான் நலம். அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். உன் வீட்டில் எங்களை நீ பார்த்துக்கொண்டதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ நன்றாகத் தூங்கு, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது.

அங்கே இருந்தவரை அப்பா எதிரில் பேச முடியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அந்தச் சக்கர நாற்காலி.

டிக்கெட்டின் மூலையில் ஒரு சின்னம் இருந்ததே, எங்கள் பிரிண்டரில் மை அப்பி விழுந்திருந்தது. நாற்காலி போல ஏதோ தெரிந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உக்கார இடம் உறுதின்னு அர்த்தம்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் பெரிய நிலையத்தில் நாங்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறோம். சீருடைப் பெண் ஒருத்தி அப்பா பெயர் எழுதிய அட்டையோடு நிற்கிறாள், பக்கத்தில் காலி நாற்காலி. "பாத்தியா, நம்ம கவுண்ட்டர் வரவேற்புக்கு ஆள் போட்டிருக்கா" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினாள். அப்பா என்னைக் காட்டினார். அவள் இல்லை என்று தலையசைத்து மறுபடி அப்பாவைக் காட்டினாள். டிக்கெட்டில் அந்தச் சின்னத்தின்மேல் விரலை வைத்தாள். அப்பா முகத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏதோ இறங்கிப் போனது, அக்கா. போய் உட்கார்ந்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். ஜனங்கள் வழிவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

உன் ஊரில் நீ நடைமேடையில் நின்றாய். சரிவுப் பலகையில் அவரை இறக்கியபோது உன் முகம் போன போக்கையும் பார்த்தேன். "ரயில்வேக்காரங்க தப்பா போட்டுட்டாங்கப்பா" என்றாய். திரும்பும்போதும் அதே நாற்காலி வந்தது. அப்போது அப்பா யாரும் காட்டாமலே போய் உட்கார்ந்தாரே, அதைக் கவனித்தாயா?

வந்ததிலிருந்து காலை நடைக்குப் போவதில்லை. கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். ரயில்வேயில் புகார் கொடுத்தாயா? அவர்கள் தவறுதான் என்று ஒரு கடிதம் வந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அன்புடன்,
குட்டி


ஜூலை 2

அன்புள்ள குட்டிக்கு,

நலம், நலமறிய ஆவல். புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. பெரிய நிர்வாகம், இப்படித்தான் இழுப்பார்கள். கம்ப்யூட்டரில் ஏதோ மாறி விழுந்திருக்கும். இதைப் பெரிதுபடுத்தினால்தான் அப்பா மனதில் தங்கும். விட்டுவிடு. நடைக்குப் போகச் சொல். மழை தொடங்கிவிட்டதா அங்கே?

அக்கா


ஜூலை 19

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் சுகமும் வேலையும் எப்படி? நான் உனக்குக் கடிதம் எழுதி வெகு காலம் ஆகிவிட்டது. வரி சாய்ந்து போனால் பொறுத்துக்கொள்.

ரயில்வே தவறு என்று நீ குட்டிக்கு எழுதியதைப் படித்தேன். சிரித்துக்கொண்டேன். என் வேலைக்காலம் முழுதும் சலுகைச் சீட்டு பார்த்தவன் நான். கேட்காதவனுக்கு எந்த நிர்வாகமும் சலுகை தராது. யாரோ எனக்காகக் கேட்டிருக்க வேண்டும். நீதான் கேட்டிருக்கிறாய்.

முதலில் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வெட்கம், அது கோபம் போல வந்தது. பிறகு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? போன வருஷம் வந்திருந்தபோது நான் நடப்பதைப் பார்த்திருக்கிறாள், வாய் திறக்கவில்லை, மனதில் வைத்துக்கொண்டாள்.

நீ கண்டுபிடித்துவிட்டதால் சொல்கிறேன். குட்டிக்குத் தெரியாது. எனக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வீட்டு வாசலில் குனிந்து பார்த்தால் ஒரு செருப்புத்தான் இருக்கிறது. மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறேன், சூடும் தெரியவில்லை. வந்த வழியே தேடிக்கொண்டு போனேன். இரண்டு பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஷூ. கயிறு கட்டிவிட்டால் கழலாதல்லவா.

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவன். இதை எந்த வாயால் சொல்வது? அதனால் மறைத்தேன். நீயோ ஒன்றும் கேட்காமல் நாற்காலி சொல்லிவைத்தாய். என் முகம் வாடியதும் ரயில்வே தலையில் பழியைப் போட்டு என் மானத்தையும் காப்பாற்றினாய். உன் அம்மா இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பாள்.

கூட இருப்பவளுக்குத் தெரியாதது கடல் தாண்டி இருப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் மனுஷனுக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியத்தில் நாளை குட்டியிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
அப்பா


ஆகஸ்ட் 3

அக்கா,

நலமா என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்பா எல்லாம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளங்காலில் புண். ஷூவுக்குள் ஒரு சிறு கல் கிடந்திருக்கிறது, எத்தனை நாளாகவோ. அதன்மேலேயே நடந்திருக்கிறார். சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க லேப்ல தானே இருக்கீங்க?" என்றார். திட்டக்கூட இல்லை.

இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் விரல் போயிருக்குமாம். இப்போது கட்டும் மருந்தும் போதும், ஆனால் ஆற வெகுநாள் ஆகும்.

ஊரில் உள்ளவர்கள் ரத்தமெல்லாம் என் கையில். அப்பா ரத்தத்தைக் கடைசியாக எப்போது எடுத்தேன் என்று யோசிக்கிறேன், நினைவுக்கு வரவில்லை. "எனக்கெதுக்குடி ஊசி" என்பார், நானும் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். ஒரே வீடு, அக்கா. தினமும் அந்த ஷூவைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? எதைப் பார்த்தாய்? சொல்லு. நானும் கற்றுக்கொள்கிறேன்.

குட்டி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் குட்டி கடிதமும் கிடைத்தன. புண் ஆறி வருகிறதா? டாக்டர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மெத்தென்ற காலுறை சில அனுப்பியிருக்கிறேன்.

நன்றியெல்லாம் எதற்கு அப்பா. குட்டியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவளுக்குத் தனியாக எழுத நேரம் கிடைக்கவில்லை.

மூத்த மகள்


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து எனக்கு வரியே இல்லை. காலுறை வந்தது. அப்பா அதைத் தெருவுக்கே காட்டுகிறார். "எம் பொண்ணு அங்கேருந்தே கண்டுபிடிச்சுட்டா" என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. கட்டு மாற்ற வரும் நர்சுக்குக்கூட மனப்பாடம்.

அத்தை வந்திருந்தாள். அப்பா எதிரிலேயே, "கண்காணாத தேசத்துல இருக்கறவளுக்குக் கண்ணு இருக்கு. கூடவே இருக்கறவளுக்குப் பொட்டைக்கண்ணு" என்றாள். அப்பா அவளை அதட்டினார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

நான் யோசித்துவிட்டேன். புண் ஆறியதும் அப்பா உன்னிடமே வந்து இருக்கட்டும். உனக்குப் பார்க்கத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இது கோபத்தில் எழுதுவதில்லை. அவர் தட்டில் சோறு போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இன்னும் எதையெல்லாம் பார்க்காமல் விட்டிருக்கிறேனோ என்று. லேபிலும் லீவு சொல்லிவிட்டேன். மற்றவர்கள் கையைப் பிடித்து ஊசி குத்த எனக்கு என்ன யோக்கியதை?

பதில் போடு, அக்கா. ஒரு வரியாவது.

குட்டி


அக்டோபர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் குட்டியிடம் கொடுங்கள்.

கேட்காமல் எந்த நிர்வாகமும் சலுகை தராது என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. கேட்டது நான்தான். ஆனால் உங்கள் காலுக்காகக் கேட்கவில்லை.

முன்பதிவு திறந்த அன்று டிக்கெட் எடுக்க மறந்துபோனேன். வேலை அதிகம் என்று குட்டிக்கு எழுதினேன், அது பாதிதான் உண்மை. நினைவு வந்தபோது விலை பல மடங்கு ஏறியிருந்தது. என்னிடம் அந்தப் பணம் இல்லாமலில்லை, அப்பா. இருந்தது. அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை. மலிவாக எடுத்துத் தருகிறேன் என்று பெருமை பேசியாகிவிட்டது, தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. பதிவுப் பக்கத்தில் கீழே ஒரு கட்டம் இருந்தது. சக்கர நாற்காலி தேவைப்படுபவரா? உடன் வருபவருக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. இங்கே சொன்னால் நம்பிவிடுகிறார்கள். குறி போட்டேன். தயங்கினேன் என்று எழுதினால் அதுவும் பொய்.

நாற்காலி நிஜமாகவே வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரிவுப் பலகையில் உங்களை இறக்கியபோதுதான் நான் செய்தது என்ன என்று தெரிந்தது. உடனே இன்னொரு பொய் சொன்னேன். திரும்பும் டிக்கெட்டில் அந்தக் குறியை எடுத்திருக்கலாம். எடுத்தால் குட்டிக்குக் கட்டணம் கேட்பார்கள், அப்போது எல்லாம் வெளிப்பட்டுவிடும். அதனால் விட்டுவிட்டேன். ரயில்வேக்கு எந்தப் புகாரும் எழுதவில்லை.

போன வருஷம் நீங்கள் நடந்ததை நான் பார்க்கவில்லை. இப்போது வந்திருந்தபோதும் என் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியை இறுகப் பிடித்து ஏறினீர்கள், புது இடம் என்பதால் என்று நினைத்தேன். ஷூவை வீட்டுக்குள்ளும் கழற்றாதது உங்கள் மிடுக்கு என்று நினைத்து, என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். குட்டி எவ்வளவு பார்க்கவில்லையோ அதைவிட நான் பார்க்கவில்லை. அவள் குருடி என்று அத்தை சொன்னபோது இல்லை என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்தபின் நான் வாய் திறக்காமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் கேடு. அம்மாவைப் போல என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ரயில்வேக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

அபராதம் என்ன என்று நீங்கள் சொல்லுங்கள்.

மகள்


அக்டோபர் 24

அக்கா,

அப்பா நலம். நானும். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை வேறொரு நாள் எழுதுகிறேன், இப்போது எழுதினால் பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் படிக்க முடியாது. அத்தையிடம் நீயே பேசு.

உன் கடிதத்தை அப்பா தானே படித்தார். நீ சொன்னபடி என்னிடம் நீட்டினார். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். டிக்கெட்டைப் பற்றியோ பொய்யைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"அப்ப... யாருமே பாக்கலையா?" என்றார்.

நான் கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினேன்.

தெருவில் இப்போது உன் கதையைச் சொல்வதில்லை. காலுறையைப் போட்டுக்கொள்கிறார், காட்டுவதில்லை. நான் லேபுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அப்பாதான் விரட்டினார். வாரம் ஒருமுறை அவருக்கும் ஊசி குத்துகிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரை அனுப்புவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதை அடித்துவிடு. இங்கேயே இருப்பார்.

நேற்றுக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்: "உங்கக்கா அபராதம் கேட்டாளே. அவளுக்கு எந்தக் கால்னாவது தெரியுமா?"

நான் உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நீ கேட்கவில்லை. "நான் எழுதிடட்டுமாப்பா?" என்றேன்.

"வேணாம். நீ சொல்லிக் குடுக்காதே."

அதனால் எழுதவில்லை.

குட்டி


நவம்பர் 8

அப்பாவுக்கு,

நலம் கேட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்தபோது வாய்ப்பாடு போல இருந்தது, அடித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தையும் குட்டியின் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். எங்கும் "கால்" என்றுதான் இருக்கிறது. குட்டியைக் கூப்பிட்டுப் பேச்சோடு பேச்சாக அவள் வாயிலிருந்து வரவழைக்க எனக்குத் தெரியும். போனைக் கையில்கூட எடுத்தேன். இரண்டில் ஒன்றுதானே, துணிந்து ஒன்றை எழுதிவிடலாமா என்றும் தோன்றியது. அப்படிப்பட்டவள்தான், அப்பா.

போனை வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியாது. எந்தக் கால், அப்பா?

மகள்